மாணவர் அனுமதி: நோர்வேயில் படிக்கும் பிள்ளைகள் பார்க்க வேண்டிய கணக்குகள்

மே, யூன் மாதங்கள் வந்தால் எமக்குத் தொலைபேசி அழைப்புகள் கூடிவிடும். "அங்கிள், காட் முடியப்போகுது. வங்கிக் கணக்கை ஒருக்கால் பார்த்துச் சொல்லுவீங்களோ?" என்று கேட்கும் பிள்ளைகள் பெரும்பாலும் யாழ்ப்பாணத்திலிருந்தோ கொழும்பிலிருந்தோ சென்னையிலிருந்தோ வந்தவர்கள். புளின்டர்னிலோ நீடாலனிலோ படிப்பு, குறிங்ஷோவில் ஒரு சிறிய அறை, மாலையில் துப்புரவு வேலை. கெட்டிக்காரப் பிள்ளைகள்தான். ஆனாலும் படிப்பில் காட்டும் கவனத்தை அனுமதிப் பத்திரத்தில் காட்டாமல் விட்டு, கடைசி வாரத்தில் ஓடிவருபவர்கள் பலர்.

ஐரோப்பியப் பொருளாதார வலயத்துக்கு வெளியிலிருந்து வந்து நோர்வேயில் படிப்பவர்களுக்காகவும், ஊரிலிருந்து அவர்களுக்குக் காசு அனுப்பும் பெற்றோருக்காகவும் இதை எழுதுகிறோம். நாம் சட்டத்தரணிகள் அல்லர், கணக்குப் பார்ப்பவர்கள். மாணவர் அனுமதியில் நாம் கண்ட சிக்கல்களில் பெரும்பாலானவை கணக்குச் சிக்கல்கள்தான். திகதிக் கணக்கு, பணக் கணக்கு, மணித்தியாலக் கணக்கு, பாடப்புள்ளிக் கணக்கு என்ற நான்கில் ஒன்று பிழைத்தாலும் மற்ற மூன்றும் சரியாக இருந்து பயனில்லை.

எமது தொடக்கமும் மாணவர் அனுமதியே

நோர்வேயில் தமிழர் வரலாற்றைச் சொல்பவர்கள் குருநகரைச் சேர்ந்த அந்தோனி இராஜேந்திரத்திலிருந்து தொடங்குவார்கள். அவர் 1956இல் இங்கு வந்தார். பின்னர் அவரது முயற்சியால் காரைநகரிலும் குருநகரிலும் சீநோர் நிறுவனம் உருவானது. அவரது தொடர்பால் இளைஞர்கள் சிலர் வேலை தேடி இங்கு வந்தார்கள்.

1975இல் நோர்வே குடிவரவை நிறுத்தியது. வேலைக்கென்று வரும் வழி அடைபட்டாலும் படிப்புக்கென்று வரும் வழி திறந்திருந்தது. எழுபதுகளின் பிற்பகுதியிலும் எண்பதுகளிலும் எமது இளைஞர்கள் பலர் 'பொல்க்கஹொய்ஸ்கூலே' எனப்படும் மக்கள் உயர்பள்ளிகளில் அனுமதி பெற்று மாணவர்களாகவே வந்தார்கள். அந்தப் பள்ளிகளில் பரீட்சையும் இல்லை, பட்டமும் இல்லை. ஓராண்டு முடிந்ததும் அடுத்தது என்ன என்ற கேள்வி எல்லோர் முன்னாலும் நின்றது. 1983க்குப் பிறகு ஊருக்குத் திரும்புவதை நினைத்துப் பார்க்க முடியாமல் போயிற்று. பலர் வடக்கே பின்மார்க் மாகாணத்தின் மீன் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். எண்பதுகளின் பின்பகுதியில் எம்மவர் வருகை பெரும்பாலும் அகதி விண்ணப்பமாக மாறியது.

ஆகவே காட்டின் கடைசித் திகதியைப் பார்த்துக்கொண்டு நித்திரை இழப்பது எம் சமூகத்துக்குப் புதிதல்ல. அன்று கடிதம் வரும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. இன்று விதிகள் எழுத்தில் இருக்கின்றன, இணையத்தில் வாசிக்கலாம். அதனால்தான் கவலையீனத்தால் ஒரு பிள்ளை அனுமதியை இழப்பதைப் பார்க்க எமக்கு இன்னும் கூடுதலாக வலிக்கிறது.

படிப்பு வேறு, அனுமதி வேறு

முதலில் யார் எதைத் தீர்மானிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும். பல்கலைக்கழகம் படிக்க இடம் தருகிறது. நாட்டில் இருக்க அனுமதி தருவது யூடிஐ எனப்படும் குடிவரவுத் திணைக்களம். விரல் அடையாளம், புகைப்படம், வதிவிட அட்டை ஆகியவற்றைக் காவல்துறை கவனிக்கிறது. யூடிஐ மறுத்தால் மேன்முறையீட்டைத் தீர்ப்பது யூஎன்ஈ எனப்படும் சபை. முகவரி, அடையாள இலக்கம், வரி அட்டை எல்லாம் ஸ்கத்தஎத்தாத்தன் எனப்படும் வரித் திணைக்களத்தின் பொறுப்பு. இவற்றுக்கு அடிப்படையான வெளிநாட்டவர் சட்டம் 2008இல் நிறைவேற்றப்பட்டு, 2010 சனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது.

பல்கலைக்கழகத்தில் பெயர் இருப்பதால் நாட்டில் இருக்கும் உரிமையும் தானாக வந்துவிடும் என்று நினைப்பது பெரும் பிழை. மரியா அமேலி என்ற பெயரில் எழுதிய இளம்பெண்ணின் கதையை நோர்வே முழுவதும் அறியும். பதின்ம வயதில் பெற்றோருடன் வந்து, அகதி விண்ணப்பம் மறுக்கப்பட்ட நிலையிலும் படித்து, துரொன்ட்ஹைம் நகரின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் முதுமாணிப் பட்டம் பெற்றார். 2010இல் தன் கதையை நூலாக எழுதினார். 2011 சனவரியில் கைதுசெய்யப்பட்டு ரஷ்யாவுக்கு அனுப்பப்பட்டார். ஆயிரக்கணக்கானோர் அவருக்காகத் தெருவில் இறங்கினார்கள். அதே ஆண்டு விதி திருத்தப்பட்ட பிறகே தகைமையுள்ள தொழிலாளராக அனுமதி பெற்று அவர் திரும்பி வந்தார். பட்டத்தைப் பல்கலைக்கழகம் கொடுத்தது, ஆனால் இருக்கும் உரிமையை அந்தப் பட்டத்தால் கொடுக்க முடியவில்லை.

வந்து இறங்கியவுடன்

நாட்டுக்குள் வந்து ஏழு நாட்களுக்குள் காவல்துறையிடம் பதிவுசெய்ய வேண்டும். ஒஸ்லோவில் இலையுதிர் பருவத் தொடக்கத்தில் முன்பதிவு நேரம் கிடைப்பது கடினம் என்பதால், அனுமதி கிடைத்ததுமே நேரத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் தங்குபவர்கள் வரித் திணைக்களத்தில் வருகையைப் பதிந்து தேசிய அடையாள இலக்கம் பெற வேண்டும். வங்கிக் கணக்கு, மருத்துவர், மின்னஞ்சல் பெட்டி எல்லாம் அந்த இலக்கத்தில்தான் தங்கியுள்ளன. வீடு மாறினால் எட்டு நாட்களுக்குள் புதிய முகவரியை அறிவிக்க வேண்டும்.

சிறிய விடயம் ஒன்று. கதவருகில் உள்ள தபாற்பெட்டியில் உங்கள் பெயரை ஒட்டுங்கள். பெயர் இல்லாத பெட்டியில் தபால்காரர் கடிதம் போடாமல் திருப்பிவிடுவார். நண்பனின் அறையில் தங்கிக்கொண்டு பழைய முகவரியைப் பதிவில் விட்ட பிள்ளை ஒருவருக்கு, மேலதிக ஆவணம் கேட்டு வந்த கடிதம் கிடைக்கவே இல்லை. கடிதம் கிடைக்கவில்லை என்பதற்காகக் கெடு நிற்காது.

பணக் கணக்கு

2023 இலையுதிர் பருவம் வரை நோர்வேயின் அரச பல்கலைக்கழகங்களில் எந்த நாட்டவருக்கும் கற்கைக் கட்டணம் இருக்கவில்லை. அந்தப் பருவம் முதல், ஐரோப்பியப் பொருளாதார வலயத்துக்கும் சுவிற்சர்லாந்துக்கும் வெளியிலிருந்து புதிதாக வருபவர்கள் கட்டணம் செலுத்த வேண்டும். "நோர்வேயில் படிப்பு இலவசம்" என்று ஊரில் இன்னும் விளம்பரம் செய்யும் முகவர்களை நம்பாதீர்கள்.

கட்டணத்துக்கு மேலாக, ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கான பணம் இருப்பதையும் காட்ட வேண்டும். நோர்வே மாணவர்களுக்கு அரசின் கல்விக் கடன் நிதியமான லோனக்காசன் கொடுக்கும் முழு உதவித்தொகையே இதற்கும் அளவுகோல். 2023-24 கல்வியாண்டில் அது 137,907 குறோணர். 2024-25இல் 151,690. 2025-26இல் 166,859. மாதம் 15,169 என்ற தொகையைப் பத்தால் பெருக்கினால் இரண்டாவது தொகையும், பதினொன்றால் பெருக்கினால் மூன்றாவது தொகையும் வரும். இரண்டே ஆண்டில் 28,952 குறோணர், அதாவது ஏறத்தாழ 21 வீதம் கூடியிருக்கிறது. முதலாம் ஆண்டுத் தொகையை மனதில் வைத்து இரண்டாம் ஆண்டுக்குத் திட்டமிடும் குடும்பங்கள் இங்கேதான் தடுமாறுகின்றன. விண்ணப்பிக்கும் ஆண்டுக்குரிய தொகையை யூடிஐயின் இணையத்தளத்தில் அந்த ஆண்டிலேயே பாருங்கள்.

இந்தப் பணம் மாணவரின் பெயரில் இருக்க வேண்டும். "காட்டுறதுக்கு மட்டும்" ஒரு மாதத்துக்கு வட்டிக்கு எடுத்து வங்கியில் போட்டுவிட்டுத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் எம்மவரிடம் உண்டு. முதற்தடவை அது தப்பலாம். அனுமதியைப் புதுப்பிக்கும்போது அதே கேள்வி மறுபடியும் வரும். அப்போது கையில் பணம் இருக்காது, அதை ஈடுகட்டக் கூடுதல் வேலை செய்ய வேண்டிவரும், கூடுதல் வேலை அடுத்த விதியை உடைக்கும். ஒரு பொய்க் கணக்கை மறைக்க இன்னொரு பொய்க் கணக்கு எழுதும் இந்தச் சுழியை எம் தொழிலில் பலமுறை பார்த்திருக்கிறோம். தவறான தகவல் கொடுத்துப் பெற்ற அனுமதியைப் பின்னர் மீளப்பெறவும் சட்டத்தில் இடமுண்டு.

பகுதிநேர வேலைக்கு ஒப்பந்தம் இருந்தால், அந்த வருமானத்தையும் தேவையான தொகையில் சேர்த்துக் காட்டலாம். அதற்கு எழுத்திலான ஒப்பந்தமும் சம்பளச் சீட்டும் வேண்டும். கையில் கொடுக்கும் காசு எந்தக் கணக்கிலும் வராது.

இருபது மணித்தியாலம்

மாணவர் அனுமதியில் வாரத்துக்கு 20 மணித்தியாலம் வரை பகுதிநேர வேலை செய்யலாம். வழமையான கல்வி விடுமுறைகளில் முழுநேரமும் செய்யலாம். இதில் மூன்று தவறான எண்ணங்கள் பரவியிருக்கின்றன.

முதலாவது, "ஒரு முதலாளிக்கு 20 மணித்தியாலம்" என்பது. அப்படி இல்லை. எல்லா வேலைகளையும் கூட்டித்தான் 20. நோர்வேயில் முழுநேர வேலை பெரும்பாலும் வாரத்துக்கு 37.5 மணித்தியாலமாகக் கணிக்கப்படுவதால், 20 மணித்தியாலம் என்பது 53 வீத வேலை. ஒரு இடத்தில் 40 வீதமும் இன்னொரு இடத்தில் 30 வீதமும் செய்தால் நீங்கள் வரம்பைத் தாண்டிவிட்டீர்கள்.

இரண்டாவது, "யாருக்குத் தெரியப்போகுது" என்பது. 2015 முதல் ஒவ்வொரு முதலாளியும் மாதந்தோறும் சம்பளத்தையும் வேலை விபரத்தையும் 'ஆ-மெல்டிங்' என்ற ஒரே அறிக்கையில் அரசுக்கு அனுப்புகிறார். மணித்தியாலச் சம்பளக்காரரின் மணித்தியாலங்களும் அதில் உண்டு. வாரத்துக்கு 20 என்றால் மாதத்துக்கு ஏறத்தாழ 87. அதற்கு மேல் போன மாதம் எது என்பதைக் கண்டுபிடிக்க ஒரு கூட்டல் போதும். உங்களைப் பற்றி என்ன அறிவிக்கப்பட்டுள்ளது என்பதை வரித் திணைக்களத்தின் இணையச் சேவையில் நீங்களே பார்க்கலாம். மாதம் ஒருமுறை பாருங்கள். விதி வாரக் கணக்கில் எழுதப்பட்டிருப்பதால், மாதச் சராசரி சரி என்று ஆறுதல் அடையவும் வேண்டாம்.

மூன்றாவது, வரியையும் வேலை நேரத்தையும் குழப்புவது. 2025இல் ஆண்டுக்கு 100,000 குறோணர் வரை வரியில்லாமல் உழைப்பதற்கான அட்டை கிடைக்கும். அது வரிக்கான எல்லை மட்டுமே. அந்தத் தொகைக்குள் நின்றாலும் வாரத்துக்கு 30 மணித்தியாலம் வேலை செய்தால் அது மீறல்தான். மறுபக்கம், அந்தத் தொகையைத் தாண்டினாலும் 20 மணித்தியாலத்துக்குள் நின்றால் வரியைக் கட்டிவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

சில ஆண்டுகளுக்கு முன் வடமராட்சியைச் சேர்ந்த ஒரு பிள்ளை எம்மிடம் வந்தார். துப்புரவு நிறுவனம் ஒன்றில் வாரத்துக்கு 18 மணித்தியாலம், வார இறுதியில் ஒரு உணவகத்தில் 12. கூட வேலை செய்தவர்கள் பிரச்சினை இல்லை என்று சொல்லியிருந்தார்கள். விளக்கம் கேட்டு யூடிஐயின் கடிதம் வந்து, பதில் சொல்லும் கெடுவின் கடைசி நாளில்தான் சம்பளச் சீட்டுகளை ஒரு பொலித்தீன் பையில் போட்டுக்கொண்டு வந்தார். மேசையில் பரப்பிக் கூட்டிப் பார்த்தோம். ஒக்ரோபர் மாதத்தில் மட்டும் 130 மணித்தியாலம். அந்தப் பருவத்தில் இரண்டு பாடமும் தவறியிருந்தது. உண்மையை எழுதினோம், குறைத்துக்கொள்கிறேன் என்று உறுதியும் எழுதினார். அனுமதி புதுப்பிக்கப்படவில்லை, மேன்முறையீடும் தோற்றது. ஆய்வுக் கட்டுரை எழுத ஒரு பருவம் மட்டும் மிச்சம் இருந்தது. அவரது படிப்புக்காக ஊரில் காணி ஈட்டில் இருந்தது. விமான நிலையத்துக்கு நாம்தான் கொண்டுபோய் விட்டோம். "முதலே கேட்டிருக்கலாம் அங்கிள்" என்று மட்டும் சொன்னார். இந்தக் கட்டுரையை எழுத வைத்ததும் அந்த ஒரு வசனம்தான்.

வேலை கொடுப்பவர்களாக இருக்கும் எமது உறவுகளுக்கும் ஒரு சொல். பிள்ளைக்கு உதவுகிறோம் என்று நினைத்துக் கூடுதல் மணித்தியாலம் கொடுப்பதும், பதியாமல் கையில் காசு கொடுப்பதும் உதவி அல்ல. பதியாத வேலையில் 10.2 வீத விடுமுறைப் பணம் இல்லை, நோய்க்காலச் சம்பளம் இல்லை, வருமானத்துக்குச் சாட்சியும் இல்லை. பிடிபட்டால் உங்களுக்குத் தண்டப்பணம் வரலாம், அந்தப் பிள்ளை நாட்டைவிட்டே போகவேண்டி வரலாம்.

பாடப்புள்ளிக் கணக்கு

முழுநேரப் படிப்பு என்பது ஆண்டுக்கு 60 பாடப்புள்ளி, பருவத்துக்கு 30. புதுப்பிக்கும்போது படிப்பில் திருப்தியான முன்னேற்றம் இருக்கிறதா என்று யூடிஐ பார்க்கும். ஒரு பாடம் தவறிய உடனே உலகம் இடிந்துவிடாது. நோய், குடும்பத்தில் இழப்பு, மனச்சோர்வு போன்ற காரணம் இருந்தால் அதை அந்த நேரத்திலேயே பல்கலைக்கழகத்துக்கும் மருத்துவருக்கும் சொல்லி எழுத்தில் பதிவாக்குங்கள். ஓராண்டு கழித்துச் சொல்லும் காரணத்தைவிட அன்றைய திகதியிட்ட மருத்துவக் கடிதத்துக்குப் பெறுமதி அதிகம். மனம் சோர்ந்திருக்கிறது என்று சொல்ல எம் பிள்ளைகள் வெட்கப்படுகிறார்கள். இருண்ட குளிர்காலத்தில் தனி அறையில் இருப்பவருக்கு அது வருவது இயல்பு. மாணவர் நலன் அமைப்பான சியோ இதற்கும் ஆலோசனை தருகிறது.

அனுமதி நீங்கள் விண்ணப்பித்த படிப்புக்காகத் தரப்பட்டது என்பதையும் மறக்க வேண்டாம். துறையையோ கல்வி நிறுவனத்தையோ மாற்ற நினைத்தால், புதிய விண்ணப்பம் தேவையா என்று மாறுவதற்கு முன்னரே யூடிஐயிடம் கேளுங்கள். படிப்பை இடைநிறுத்துவதற்கும் இதுவே பொருந்தும்.

திகதிக் கணக்கு

அட்டை முடியும் திகதிக்கு ஒரு மாதத்துக்கு முன்னரே புதுப்பிக்க விண்ணப்பித்துவிட வேண்டும். அப்படிச் செய்தவருக்கு, முடிவு வரும்வரை அதே நிபந்தனைகளில் தங்கவும் படிக்கவும் வேலை செய்யவும் உரிமை தொடரும். திகதி கடந்த பின்னர் போடும் விண்ணப்பம் புதுப்பித்தலாகவே எடுக்கப்படாமல் போகலாம், நாட்டைவிட்டு வெளியேறவும் நேரலாம். எமது ஆலோசனை: கைத்தொலைபேசியில் மூன்று மாதத்துக்கு முன் ஒரு நினைவூட்டல், இரண்டு மாதத்துக்கு முன் இன்னொன்று.

இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் இதனுடன் இன்னொரு திகதியையும் பார்க்க வேண்டும். ஒஸ்லோவிலிருந்த இலங்கைத் தூதரகம் 2022இல் மூடப்பட்டது. நோர்வே தன் கொழும்புத் தூதரகத்தை 2023இல் மூடியது. கடவுச்சீட்டு அலுவல்களுக்கு இப்போது ஸ்ரொக்ஹோம் தூதரகத்தை நாட வேண்டும். வதிவிட அட்டை முடிந்து, புதுப்பித்தல் முடிவு வராமல் காத்திருக்கும் காலத்தில் நோர்வேக்குள் இருக்கும் உரிமை உண்டு. ஆனால் எல்லை தாண்டிச் சுவீடனுக்குப் போய்வர அந்த உரிமை மட்டும் போதாது. ஆகவே கடவுச்சீட்டு முடியப்போகிறது என்றால், அட்டை செல்லுபடியாக இருக்கும்போதே ஸ்ரொக்ஹோம் போய்வாருங்கள். முதலில் கடவுச்சீட்டு, பிறகு அனுமதி.

ஊருக்குப் போவதும் இப்படித்தான். அட்டை முடிந்த நிலையில் நோர்வேயை விட்டுப் போனால், திரும்பி வர மீள்நுழைவு விசா தேவைப்படும். அவசரச் சாவீடு என்றாலும், விமானச்சீட்டு வாங்குவதற்கு முன் காவல்துறையிடம் அந்த விசாவைக் கேளுங்கள்.

மறுப்பு வந்தால்

மறுப்புக் கடிதம் கிடைத்த நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் மேன்முறையீடு செய்யலாம். யூடிஐ முதலில் தன் முடிவை மீளப் பார்க்கும். மாற்றாவிட்டால் விடயம் யூஎன்ஈக்குப் போகும். எந்தத் திகதிக்குள் வெளியேற வேண்டும், மேன்முறையீட்டுக் காலத்தில் தங்கலாமா என்பவை கடிதத்தில் இருக்கும். அந்தப் பந்தியை இரண்டு முறை வாசியுங்கள். மொழி விளங்காவிட்டால் விளங்குபவரிடம் அன்றைக்கே காட்டுங்கள்.

ஒஸ்லோ பல்கலைக்கழகச் சட்ட மாணவர்கள் நடத்தும் யுஸ்பூஸ் 1971 முதல் இலவச சட்ட ஆலோசனை தருகிறது, குடிவரவு விடயங்களும் அதில் அடங்கும். பெண்களுக்கு யூர்க் என்ற அமைப்பு இருக்கிறது. ஆயிரக்கணக்கில் காசு வாங்கிக்கொண்டு "நான் பார்த்துத் தருகிறேன்" என்று சொல்பவரிடம் போவதற்கு முன் இந்த இரண்டு கதவுகளையும் தட்டிப் பாருங்கள். அனுமதியில்லாமல் மறைந்து தங்குவது மட்டும் வழியல்ல. வெளியேற்றலுடன் வரும் நுழைவுத் தடை முழு ஷெங்கன் பகுதிக்கும் பொருந்தும், இன்னொரு நாட்டில் படிக்கும் வாய்ப்பையும் அது அடைத்துவிடும்.

படிப்பு முடிந்த பின்

இங்கு பட்டம் முடித்தவர், தகைமைக்கேற்ற வேலை தேட ஓராண்டு வரை அனுமதி கேட்கலாம். மாணவர் அனுமதி முடிவதற்கு முன் விண்ணப்பிக்க வேண்டும், வாழ்க்கைச் செலவுக்கான பணத்தை இங்கும் காட்ட வேண்டும். வேலை கிடைத்தால் தகைமையுள்ள தொழிலாளர் அனுமதிக்கு மாறலாம். அந்த வேலை படித்த தகைமையை உண்மையில் வேண்டி நிற்க வேண்டும், சம்பளமும் நோர்வேயின் வழமைக்குக் குறையக்கூடாது. முதுமாணிப் பட்டத்துடன் துப்புரவு வேலையில் இருந்துகொண்டு அந்த அனுமதியைக் கேட்க முடியாது. மாணவராக இருந்த ஆண்டுகள் நிரந்தர வதிவிடத்துக்கு அடித்தளமாக அமைவதில்லை என்பதையும் தொடக்கத்திலேயே பெற்றோருக்குச் சொல்லிவிடுங்கள். ஆகவே நோர்வே மொழியைக் கடைசி ஆண்டுக்குத் தள்ளாமல் முதற் பருவத்திலேயே படிக்கத் தொடங்குங்கள்.

இறுதியாக ஒரு கோப்பு. அனுமதிக் கடிதம், அட்டையின் இரு பக்கப் படம், கடவுச்சீட்டு, வாடகை ஒப்பந்தம், வேலை ஒப்பந்தங்கள், எல்லாச் சம்பளச் சீட்டுகளும், வங்கிக் கூற்றுகள், பாடப்புள்ளி அறிக்கை, கட்டணப் பற்றுச்சீட்டுகள், யூடிஐயுடனான கடிதங்கள் எல்லாவற்றையும் திகதி வரிசையில் ஒரே இடத்தில் வையுங்கள். மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை அரை மணித்தியாலம் எடுத்து மணித்தியாலங்களைக் கூட்டி ஒரு தாளில் எழுதுங்கள்.

தொகைகளும் விதிகளும் ஆண்டுக்காண்டு மாறுகின்றன. விண்ணப்பிக்கும் நாளில் யூடிஐயின் பக்கத்தில் இருப்பதே செல்லும். சந்தேகம் இருந்தால் கேளுங்கள். கெடுவுக்கு முதல்நாள் அல்ல, மூன்று மாதத்துக்கு முன்பே கேளுங்கள். குறுட்டாலன் பக்கத்தில் எம்மைப் போன்றவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறோம். ஒரு தேத்தண்ணி குடிக்கும் நேரத்தில் பார்த்துச் சொல்லக்கூடிய கணக்கு இது.